மேகாலயா: குடையோடு வாருங்கள்!

உலகிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சிரபுஞ்சியில் தண்ணீர்ப் பஞ்சமாமே, கதையா?

1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை அங்கே கொட்டியது 26,461 மி.மீ. குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள், குடத்தோடு ஊற்றைத் தேடி நடக்கிறார்கள். பெய்த மழை சரிவில் இறங்கி, பாஸ்போர்ட் இல்லாமலே வங்கதேசம் போய்விடுகிறது. காட்டையும் வெட்டிவிட்டார்கள், பிடித்து நிறுத்த ஆளில்லை.

குடை வியாபாரம் செய்தால் பிழைக்கலாமா?

போட்டி பலம். மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய ‘க்னுப்’ இருக்கிறதே! தலை முதல் இடுப்பு வரை ஆமை ஓடு மாதிரி மூடிவிடும். குனிந்து களை எடுக்க இரண்டு கையும் சும்மா இருக்கும். உங்கள் குடைக்கு ஒரு கை தண்டம்.

அங்கே பாலம் கட்ட யாருக்கு டெண்டர்?

ரப்பர் அத்தி மரத்துக்கு! அதன் வேர்களை, குடைந்த பாக்குமரத் தண்டுக்குள் விட்டு ஓடையைத் தாண்ட வைக்கிறார்கள். ஆள் நடக்கப் பதினைந்து வருஷமாவது ஆகும். வயது ஏற ஏறப் பலம் கூடும். நோங்ரியாட் கிராமத்தில் இரண்டடுக்குப் பாலமே உண்டு. கமிஷன்? மரத்திடம் கேட்டுப் பாருங்கள்.

சொத்தெல்லாம் பெண்ணுக்குத்தானாமே, பொறாமையாக இருக்கிறது!

காசி இனத்தில் (வாரணாசி அல்ல, மலைவாழ் மக்கள்) குடும்பச் சொத்து கடைக்குட்டி மகளுக்கு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்புதான், அதற்கும் பொறாமைப்படுவீர்களா? பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர். ஆனால் ஊர் தர்பாரில் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்தார்கள். சொத்து அவளுக்கு, மைக் இவருக்கு.