நடைக்கு முந்தின நாளில் நடவாமை: பெண்டாங் வட்டாரத்தை முன்வைத்து

வழிகாட்டியோடு கூட்டமாக மலையேறப் பணம் கட்டியவர்கள், அதற்கு முந்தின நாள் ஊர் சுற்றும்போது ஓர் அடியைக்கூட வீணாக்க மாட்டார்கள். இக்கட்டுரை இதற்கு ‘நடைச் சேமிப்புக் கோட்பாடு’ என்று பெயரிடுகிறது. பெயர் கனமாக இருந்தால்தான் ஆய்வுக்கு மரியாதை.

ஆய்வுக்களம் பெண்டாங். சுற்றிலும் நெல்வயல், தென்மேற்கே 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை. மறுநாள் ஏறப்போவது அதில்தான். கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் முதல் நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் இறங்கியவர்கள் சும்மா இருக்க முடியாமல் ‘சும்மா ஒரு ரவுண்டு’ கிளம்புவதே நம் ஆய்வுப்பொருள்.

முதற்சான்று ரொட்டி சானாய் ஒட்டுக்கடையில் கிடைத்தது. எதிர்ப்பக்கம் காடி நிறுத்த இடம் காலியாக இருந்தது. சாலையை மட்டும் கடக்க வேண்டும். “இருங்க மாமா, கடை வாசல்ல ஒரு காடி கெளம்புது” என்றார் பின்னாலிருந்தவர். மாமாவும் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். கிளம்பும் என்று நம்பப்பட்ட காடியின் உரிமையாளரோ அப்போதுதான் இரண்டாவது தே தாரிக் சொல்லிக்கொண்டிருந்தார்.

அலோர் ஸ்டாரில் சான்றுகள் குவிகின்றன. 1912இல் கட்டி முடிக்கப்பட்ட சாகிர் பள்ளிவாசல், காடிக் கண்ணாடி வழியாகவே படத்தில் அடங்கிவிட்டது. 165.5 மீட்டர் அலோர் ஸ்டார் கோபுரத்தில் மின்தூக்கி உண்டு. படிக்கட்டு எங்கே என்று நாளைய மலையேறிகளில் எவரும் விசாரிக்கவில்லை. ஆனால் கோட்பாட்டின் தலைமைச் சான்று குனோங் கெரியாங் அடிவாரத்து நெல் அருங்காட்சியகம். வட கொரிய ஓவியர்கள் தீட்டிய கெடா வயற்காட்சி வட்டச்சுவர் முழுக்க விரிந்திருக்க, நாம் உட்கார்ந்திருக்கும் மேடையே மெல்லச் சுழன்று அதைக் காட்டுகிறது. வயலை முழுச்சுற்று வந்தாயிற்று, கால் தரையில் படவில்லை. அங்கிருந்து எழுந்திருக்க நம்மவர்களுக்கு மனமே வரவில்லை.

பூஜாங் பள்ளத்தாக்கில் ஆய்வு வரலாற்றுத் தளத்துக்கு உயர்கிறது. வேறு இடங்களில் கிடைத்த பழங்கோயில் அடித்தளங்கள் சிலவற்றைப் பெயர்த்துவந்து மெர்போக் அருங்காட்சியக வளாகத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் இதற்குச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. நமக்கோ காரணம் வெளிப்படை. புக்கிட் பத்து பகாட் கோயில் மட்டும் மேலே இருக்கிறது. அதற்குப் படி ஏறச் சொன்னபோது, “நாளைக்குத்தான் ஏறப் போறோமே!” என்று குழு ஒரே குரலில் மறுத்தது. 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்த இராசேந்திர சோழன்கூடக் கப்பலேற்றித்தான் படையை அனுப்பினான் என்று ஒருவர் ஆதாரமும் காட்டினார்.

மாற்றுக்கருத்தையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. ‘தசையைப் பழக்க வேண்டும்’ என்னும் சிறுபான்மைப் பிரிவு விடியுமுன்னே மூடா பாசனத் திட்டத்தின் வாய்க்கால் கரையில் விறுவிறுவென நடந்தது. 1970இல் இந்த வட்டாரத்துக்கு இருபோகம் கொண்டுவந்த திட்டம் அது. இவர்களுக்கு முழங்கால் வலியைக் கொண்டுவந்தது. மாலையில் வீடெங்கும் கோடாலித் தைல வாசம்.

சேமித்த ஆற்றல் எங்கே போகிறது? பெரும்பகுதி தஞ்சோங் டாவாயில் கருவாட்டுக்கடைகளில் பேரம் பேசுவதில் கரைகிறது. அங்கே மட்டும் கடை கடையாக நடந்தார்கள். இந்த முரணைக் கோட்பாட்டால் விளக்க முடியவில்லை. விலை மலிவு என்பதைத் தவிர.

இரவு ஒன்பது மணிக்கு வழிகாட்டி புலனத்தில் அறிவிப்புப் போட்டார்: தண்ணீர், கைவிளக்கு, மழையங்கி, பிடிப்புள்ள சப்பாத்து. அடுத்த நொடியே மாமாவின் கேள்வி: “தம்பி, குருண் பக்கமா மலைமேல ரிசார்ட் வரைக்கும் தார் ரோடு இருக்காமே?” இருக்கிறது. வழிகாட்டி பதில் போடவில்லை. மாமாவின் கேள்விக்கு மட்டும் கட்டைவிரல்கள் விழுந்துகொண்டே இருந்தன.