ஏழு எழுத்துப் படிப்பு

கேள்வி: காதால் கேட்டே பாடிவிடலாமே, ஸ்வரக் குறிப்பு எழுதப் படிக்க எதற்காகக் கற்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் பாடலாம். பள்ளிக்கூடம் போகாதவர் பேசவில்லையா? கடுதாசி எழுதும்போதுதான் ஆள் தேட வேண்டும். அந்தப் படிப்பும் ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. ஏழே எழுத்து, 'ஸ' என்று குறிலானால் ஓர் அட்சரம், 'ஸா' என்று நெடிலானால் இரண்டு, தலைமேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, காலடியில் வைத்தால் கீழ் ஸ்தாயி. குறில் நெடில் தெரிந்த தமிழருக்குப் பாதிப் பாடம் சிறுவயதிலேயே முடிந்துவிட்டது. "தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் ஆடுகிற ஆட்டத்தை 'க' என்ற ஒற்றை எழுத்து சொல்லிவிடுமா?" என்று வித்வான்கள் மடக்குவார்கள். சொல்லாதுதான். அந்தக் குறை தெரிந்துதானே சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஸ்வரங்களோடு, கமகங்கள் என்கிற அந்த அசைவுகளுக்கும் தனிக் குறிகள் போட்டார்! முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் பாடபேதம் என்று சச்சரவு வந்தால், இன்றும் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள். யாருடைய காதையும் சாட்சிக்கு அழைப்பதில்லை. அதற்காகப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தோடி பாடக் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ராகம் தெரிந்தவராக இருக்கலாம்.