ஒரு ரன் பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. களி, நாட்டுக்கோழிக் குழம்பு. இரண்டாவது உருண்டையில் கை வைக்கும் நேரம் பார்த்து அக்கா மகன் வாயைத் திறந்தான்.

"உங்களுக்கென்ன மாமா, அஞ்சு கப்பு வெச்சிருக்கீங்க. நாங்க பதினெட்டு வருசம் வெறுங்கையா நின்னோம். கஷ்டம்னா என்னான்னு உங்களுக்கு எங்க தெரியும்?"

இதில் "நாங்க" யார் என்று விசாரித்தால் வயிறு எரியும். பையன் பிறந்தது தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில். 2008இல் பஸ் ஸ்டாண்டு கடையில் நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் பனியனைத் துவைக்கக்கூடக் கழற்ற மாட்டேன் என்று அழுதவன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்த பிறகு, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸிலிருந்து சிவப்பு பனியனோடு இறங்குகிறான். இவன் ஒருவன் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டும்போதே கட்சி மாறிவிடுகிறார்கள். சம்பளம் எங்கே வாங்குகிறார்களோ வாங்கட்டும். சோகத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்து என் இலை முன்னால் கடை விரித்தால் எப்படி?

அவனுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கணக்கைச் சரி செய்துவிடுவோம்.

ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடியது பத்து பைனல். ஜெயித்தது 2010, 2011, 2018, 2021, 2023. அந்த ஐந்து எல்லோருக்கும் மனப்பாடம். தோற்றது 2008, 2012, 2013, 2015, 2019. அதுவும் ஐந்துதான். இந்த ஐந்தை ஒருவரும் எண்ணுவதில்லை. பெங்களூரு தோற்றது 2009, 2011, 2016, ஆக மூன்றே மூன்று பைனல். அதிலும் 2011இல் தோற்கடித்தது நாங்கள். தோற்ற பைனல் கணக்கில் நாங்கள்தான் சீனியர். இந்த அனுபவத்துக்கு ஒரு மரியாதை உண்டா?

களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தோல்வியையும் அப்படி விழுங்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் மெல்லுகிற ஆள். ஜெயித்த பைனல்களில் யார் எவ்வளவு அடித்தார் என்று கேட்டால் தலையைச் சொறிவேன். தோற்றதில் எந்தப் பந்து என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

2012 மே 27, சேப்பாக்கம். நாங்கள் 190. ரெய்னா 73. அவ்வளவு ரன்னை வைத்துக்கொண்டு எந்த வீட்டிலாவது சமையல் செய்வார்களா? பரோட்டா வாங்க ஆள் அனுப்பியாயிற்று. அந்தப் பக்கம் கொல்கத்தாவில் நம் பாலாஜிக்குக் காயம். அவருக்குப் பதில் பிரெட் லீயைச் சேர்த்தார்கள். லீ வெளிநாட்டுக்காரர் என்பதால் இன்னொரு வெளிநாட்டுக்காரர் மெக்கல்லம் வெளியே போனார். அவர் இடத்தில் பிஸ்லா என்று ஒருவர் வந்தார். 48 பந்தில் 89. பரோட்டா வந்தபோது வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. 2008 பைனலில் கடைசிப் பந்தில் ராஜஸ்தான் ஜெயித்ததே, எங்களுக்காக அந்தக் கடைசி ஓவரைப் போட்டவரும் பாலாஜிதான். ஆடினாலும் தோல்வி, எதிரணியில் ஆடாமல் உட்கார்ந்தாலும் தோல்வி. இத்தனைக்கும் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் எடுத்த பிள்ளை. பாவம், அவரை என்ன சொல்வது?

2013, 2015 இரண்டும் கொல்கத்தாவில், இரண்டும் மும்பையிடம். 39 ரன்னுக்கு ஆறு விக்கெட் போன 2013 மேட்சில் பேச ஒன்றுமில்லை. 2014 பைனல் இல்லை, குவாலிஃபையர். பஞ்சாபில் சேவாக் 122. ரெய்னா பதிலுக்கு 25 பந்தில் 87. ஆறு ஓவரில் நூறு ரன். ஏழாவது ஓவரின் முதல் பந்தில் ரன் அவுட். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சரி, 2019.

மே 12, ஹைதராபாத். மும்பை 149, நாங்கள் 148. அந்த ஒரு ரன்னைத் தேடும் வேலையை நான் இன்னும் முடிக்கவில்லை. முதலில் அந்த மேட்ச் ஹைதராபாத்துக்கு ஏன் போனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நடந்திருக்க வேண்டியது சேப்பாக்கத்தில். ஐ, ஜே, கே என்று மூன்று கேலரிகள் அனுமதி இல்லாமல் பூட்டிக் கிடந்ததால் பைனல் கைவிட்டுப் போனது. யாரோ ஒருவர் ஒரு கோப்பில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் நாங்கள் சொந்த மண்ணில் ஆடியிருப்போம். "அதே வாரம் அதே சேப்பாக்கத்துலதான சார் மும்பைகிட்ட குவாலிஃபையர்ல ஆறு விக்கெட்ல தோத்தோம்" என்று சிலர் ஞாபகப்படுத்துவார்கள். அப்படிப்பட்டவர்களை வீட்டில் சேர்க்காதீர்கள்.

பிறகு தோனி ரன் அவுட். ஓவர்த்ரோவில் இன்னொரு ரன்னுக்கு ஓடுகிறார், இஷான் கிஷன் எறிகிறார், குச்சியில் படுகிறது. மூன்றாவது நடுவர் அந்தப் படத்தை முன்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டி நிறுத்திப் பார்க்கிறார். ஒரு கோணத்தில் மட்டை கோட்டுக்குள். இன்னொரு கோணத்தில் வெளியே. வீட்டில் என் அம்மாவுக்குக் கிட்டப்பார்வை, அவரே "உள்ளதான்டா இருக்குது" என்றார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முதல் இன்னிங்ஸ் கடைசி ஓவரில் பிராவோ பந்தை வைடு கொடுக்கவில்லை என்று பொல்லார்ட் மட்டையைத் தூக்கி எறிந்தாரே, அது தனி விஷயம். அந்த வைடு கொடுக்கப்பட்டிருந்தால் மும்பைக்கு இன்னொரு ரன் கூடியிருக்கும். அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். உங்கள் வீட்டில் எப்படியோ, என் இடம் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். அன்றைக்கும் அங்கேதான். ஐந்து ஓவரில் 62 வேண்டும் என்ற நிலையில் கொல்லைப்பக்கம் போகவேண்டி வந்தது. 16வது ஓவர், மலிங்கா. நான் இல்லாத நேரத்தில் 20 ரன். கை கால் கழுவிக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். 17வது ஓவர், பும்ரா, 4 ரன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானாகவே எழுந்து மறுபடி கொல்லைப்பக்கம் போனேன். 18வது ஓவர், குருணால் பாண்டியா, வாட்சன் மூன்று சிக்ஸர், 20 ரன். வந்து உட்கார்ந்தேன். 19வது ஓவர், பிராவோ அவுட். கடைசிப் பந்தை டி காக் கோட்டைவிட்டு நான்கு பைஸ் போனதே, அப்போது நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதாவது பார்க்கவில்லை. கணக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்.

ஆறு பந்து, ஒன்பது ரன். மலிங்கா. வீட்டம்மா சொன்னாள்: "ஏங்க, கோச்சுக்காதீங்க. கொஞ்சம் வாசல்ல போயி நில்லுங்க." கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஊருக்காக ஒருத்தன் வெளியே நிற்பது புதிதா? போய் நின்றேன். அங்கேதான் வில்லங்கம். எதிர் வீட்டு டிவி எங்கள் டிவியைவிடச் சில நொடி முந்திப் பேசும். அவர்கள் கத்தினால் எனக்கு முதலில் கேட்கும், அப்புறம்தான் எங்கள் வீட்டில் பந்தே போடுவார்கள். இப்போது கேள்வி இதுதான்: காதால் கேட்டது பார்த்த கணக்கில் வருமா? வராது என்பது என் கட்சி. ரேடியோவில் கேட்டே நாம் எத்தனையோ மேட்ச் ஜெயித்திருக்கிறோம். வரும் என்பது என் மகன் கட்சி. நான்காவது பந்தில் வாட்சன் ரன் அவுட் ஆனபோது நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததாக அவனிடம் ஒரு குற்றச்சாட்டு வேறு இருக்கிறது. எட்டிப் பார்க்கவில்லை. கொசு கடித்தது, திரும்பினேன், ஜன்னல் அங்கே இருந்தது. திரையில் வாட்சன் திரும்பி நடந்துகொண்டிருந்தார். 80 ரன். முழங்காலில் ரத்தத்தோடு ஆடினார், ஆறு தையல் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் ஓடியது இரண்டாவது ரன்னுக்கு. அந்த ரன்தான். அந்த ஒரே ரன்.

கடைசிப் பந்தில் இரண்டு வேண்டும். ஷர்துல் தாக்குர். எதிர் வீடு அமைதியாகிவிட்டது. சரி, எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே என் குடும்பம் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. சில நொடிகள் இந்த ஊரில் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு தன்னந்தனியாக நின்றவன் நான். எல்பிடபிள்யூ. பதினெட்டு வருஷம் நின்றானாம். நின்று பார்க்கட்டும் அந்த வாசலில்.

2024இல் நடந்தது அவன் ஊரிலேயே, சின்னசாமி ஸ்டேடியத்தில். மே 18. பெங்களூரு 218. நாங்கள் 201 எடுத்தால் போதும், தோற்றாலும் பிளே ஆஃப். தோற்றால் போதும் என்ற நிலைமையிலும் சரியாகத் தோற்கத் தெரியாத அணி உலகத்தில் வேறு எங்காவது உண்டா? கடைசி ஓவர் யஷ் தயாள். முதல் பந்தில் தோனி 110 மீட்டர் சிக்ஸர். அடுத்த பந்தில் அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். எதிரே ஜடேஜா. முந்தின வருஷம் பைனலில் அதே கடைசி இரண்டு பந்தில் அதே பத்து ரன்னை அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்த மனுஷன். இரண்டு பந்தும் மட்டையில் படவில்லை. அக்கா மகன் ஸ்டேடியத்திலிருந்து போன் செய்தான். பேசவில்லை, கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தான். தாய்மாமன் என்று வீட்டுக்கு ஒருவன் இருப்பதே இதற்குத்தான் போலிருக்கிறது. இப்போது அந்த ஜடேஜாவையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

2025 மட்டும் நிம்மதி. பத்து அணியில் பத்தாவது இடம். கிளப்பையே இரண்டு வருஷம் தடை செய்திருந்த 2016, 2017க்கு அப்புறம் நான் ஆசுவாசமாக மாம்பழம் சாப்பிட்ட கோடை அதுதான். ஒன்பது மணிக்குப் படுத்துத் தூங்கினேன். வீட்டில் யாரும் யாரையும் வாசலுக்கு அனுப்பவில்லை. கடைசி மேட்ச் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மே 25, அகமதாபாத்தில், எந்தப் பிரயோஜனமும் இல்லாத அந்த மேட்சில், குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் அடித்தார்கள்.

83! யாருக்கு வேண்டும் இது? ராத்திரி தூக்கம் போய், பால் கணக்கு நோட்டை எடுத்துப் பங்கு போட்டேன். 2008க்கு இரண்டு ரன், கோப்பை எங்களுடையது. 2013க்கு 24. 2015க்கு 42. 2019க்கு இரண்டு, சூப்பர் ஓவர் வேலையெல்லாம் வேண்டாம். 2024க்குப் பத்து. ஆக மொத்தம் 80. ரெய்னாவின் 2014ஐ இதில் சேர்க்கவில்லை, அது தனி வழக்கு. மீதி மூன்று. அதை 2012இல் போட்டால் எங்கள் ஸ்கோர் 193. கொல்கத்தா 192இல் நிற்கிறது, கையில் இன்னும் இரண்டு பந்து, இரண்டு ரன் வேண்டும். பந்து போடுவது பிராவோ. எதிரே மனோஜ் திவாரி, அப்போதுதான் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி அடித்த கை. பத்தாது. மூன்று ரன் எந்த மூலைக்கு? அந்த குஜராத்தை 83க்குப் பதிலாக ஒரு 90 ரன்னில் ஜெயித்திருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?