சீசன் மாகாத்மியம்

இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு வந்து குடியேறிய சொற்களில் பஸ், ரயில், காபி முதலியவை தத்தம் யோக்கியதைக்கு ஏற்ற ஒரே உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டு அடக்கமாகக் காலம் தள்ளிவர, 'சீசன்' என்ற ஒரு சொல் மாத்திரம் வானிலை முதல் வைத்தியம் வரையில், சங்கீதம் முதல் சபரிமலை வரையில், தச்சுப் பட்டறை முதல் தொலைக்காட்சி வரையில் எல்லா இலாகாக்களிலும் ஏககாலத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல்லுக்குத் தலைமைப் பீடம் எது என்று யாரேனும் வினவினால், நான் லண்டன் மாநகரம் என்று சொல்லமாட்டேன். தென்காசிக்கு மேற்கே, குற்றாலம் பேரருவியைத் தாண்டி ஐந்தருவிக்குப் போகிற சாலை என்றே சொல்வேன். அந்தச் சாலையோரத்தில் சொந்த வீடு உடையவன் என்ற ஹோதாவில், அதன் சகல பிரயோகங்களையும் அனுபவிக்கும் பாக்கியமோ பாபமோ எனக்கு வாய்த்திருப்பதால், அவற்றில் சிலவற்றை இங்கே பிரஸ்தாபிக்கத் துணிகிறேன்.

மற்ற ஊர்களில் சீசன் என்பது காலத்தின் ஒரு பகுதி, காலண்டருக்குக் கட்டுப்பட்டது. எங்கள் பக்கத்திலோ அது காலமே அன்று. தனக்கென்று மனசும் மானாபிமானமும் உடைய ஒரு பிரகிருதி. அது வரும், பிந்தும், முகத்தைக் காட்டிவிட்டு மறையும், சில வருஷங்களில் ஊரையே ஏமாற்றும். "சீசன் வந்துட்டா அண்ணாச்சி?" என்று தென்காசிக் கடைவீதியில் ஒருவர் கேட்டால், "வர்ற மாதிரிதான் வந்துச்சு, என்னமோ திரும்பிட்டு" என்று மற்றவர் சொல்வார், கேட்டவர் அதில் வியப்படையமாட்டார். இலக்கணப்படி அஃறிணையாயினும், அதற்கு வழங்கும் வினைச்சொற்கள் யாவும் சம்பந்தி வீட்டாருக்கு வழங்குபவை என்பதை ஊன்றிக் கவனிப்பவர்கள் அறியலாம்.

அப்படியானால் அது மழையா என்றால், மழை அன்று. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையைத் தொட்டு, மலையின் அந்தப் பக்கத்திலேயே தன் சுமையையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கைவீசிக்கொண்டு இந்தப் பக்கம் நுழையும்போது, குடை பிடித்தால் கௌரவக் குறைவு, பிடிக்காவிட்டால் சட்டை நனைவு என்ற அளவில் எதையோ சிதறுகிறதே, அதற்குச் சாரல் என்று பெயர். சாரலும் தனியே சீசன் ஆகிவிடாது. மலைமேல் மழை பெய்து அருவியில் தண்ணீர் விழவேண்டும்; விழுகிற தண்ணீரும் ஒரு மரியாதைக்கு உட்பட்டு விழவேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தாலும், ஐந்தருவியில் ஐந்து கிளைகளும் தத்தம் எல்லையை மறந்து ஒன்றாய்ப் பொங்கினாலும், போலீஸார் ஊதல் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றிக் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். அப்போது தண்ணீர் அபரிமிதம், ஆனால் சீசன் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். ஆகவே, வெயில் அடிக்கலாகாது, மழை கொட்டலாகாது, காற்று வீசவேண்டும், வீசினாலும் மிளகாய் பஜ்ஜிக்காரரின் அடுப்பை அணைக்கலாகாது என்ற இத்தனை நிபந்தனைகளும் ஒருங்கே கூடிய சுபமுகூர்த்தத்துக்குத்தான் எங்கள் ஊரில் சீசன் என்று பெயர்.

இதற்கு நம் முன்னோர் ஒரு பெயர் வைக்காமற் போனார்களே என்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் நண்பர் ஒருவர் வெகுகாலம் விசனப்பட்டுக்கொண்டிருந்தார். தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளை உரையாசிரியர்கள் ஆவணி தொடங்கி இரண்டிரண்டு மாதமாகப் பங்கிட்டதில், ஆனியும் ஆடியும் முதுவேனிலின் பாகத்தில் விழுந்துவிட்டன. முதுவேனில் என்றால் சுனை வற்றிக் கானல் ஓடவேண்டும்; ஐந்தருவியிலோ அந்த இரண்டு மாதங்களில்தான் மனிதனுக்குப் பல் தந்தியடிக்கிறது. போதாக்குறைக்கு, மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரியவை கூதிரும் முன்பனியும் என்று விதி இருப்பதால், ஐயப்ப பக்தர்கள் கறுப்பு வேஷ்டியோடு வந்து குளித்துப் போகிற கார்த்திகையும் மார்கழியுமே எங்கள் ஊரின் இலக்கண சுத்தமான மாதங்கள் ஆகின்றன. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இந்தச் சிக்கல் ஒன்றிலும் தலையிடாமல் குற்றாலக் குறவஞ்சியைப் பாடிக் குறவஞ்சிமேடு என்ற நிலத்தை மானியமாகப் பெற்றுக்கொண்டார், கெட்டிக்காரர். முதுவேனிலில் குளிர்கிற ஊர் ஓர் இலக்கண வழு என்றும், வழுவுக்குப் பிறபாஷைச் சொல்லே தக்க தண்டனை என்றும் நண்பர் கடைசியில் தீர்ப்பு எழுதிவிட்டு மனஅமைதி அடைந்தார்.

அந்தப் பிறபாஷைச் சொல்லின் பூர்விகமோ, விதைப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒன்று. பிரெஞ்சுக்காரர் வழியாக இங்கிலாந்து சேர்ந்து, விதைக்கிற காலம் என்பதிலிருந்து பொதுவாகப் பருவம் என்றாகி, பிறகு லண்டனில் பார்லிமெண்டு கூடுகிற மாதங்களில் சீமான்களும் சீமாட்டிகளும் விருந்தும் நடனமுமாகப் பொழுது போக்கும் காலத்துக்குப் பெயராகி, அங்கிருந்து கப்பலேறிவந்து, சென்னைக் கவர்னர் பரிவாரங்களோடு உதகமண்டலத்துக்கு ஏறுகிற மாதங்களைக் குறித்து, இவ்வாறாக வயற்காட்டை விட்டு வெகுதூரம் போய்விட்டது. குற்றாலத்துக்கும் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்தார்கள். ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டும் பார்த்தார்கள். ஆனால் அருவியின் அடிவாரத்திலிருந்து சற்றுக் கிழக்கே நடந்தால், அந்தச் சொல் தன் பிறந்தவீட்டு அர்த்தத்தோடு மறுபடி கூடிக்குலாவுவதைக் காணலாம். நாங்கள் குளித்துக் கழித்த தண்ணீர்தான் சிற்றாற்றோடு சேர்ந்து, அணைக்கட்டுகளில் திரும்பி வாய்க்காலில் ஓடிக் கார் சாகுபடிக்கு உதவிவிட்டு, மிச்சம் மீதி சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தப் பக்கத்துச் சம்சாரி ஒருவரிடம் சீசன் எப்படி என்று கேட்டால், அவர் மலையைப் பாராமல் வாய்க்காலைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். லத்தீன் வாத்தியார் யாரேனும் பரீட்சை வைத்தால் அவருக்கே முதல் மார்க்கு.

இவை அகராதி அர்த்தங்கள். டெலிபோன் அர்த்தம் வேறு. வருஷத்தின் பெரும்பகுதியில் நான் ஜீவித்திருக்கிறேனா என்பதைப் பற்றி எவ்விதக் கவலையும் கொள்ளாத பந்துக்கள், மே மாதம் முடிந்ததும் திடீரென்று பாசம் மேலிட்டவர்களாய், "அத்தான், அங்கே சீசன் எப்படி இருக்கு?" என்று குசலம் விசாரிக்கத் தொடங்குவார்கள். 'சனிக்கிழமை காலை பொதிகை எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு வந்து இறங்குகிறோம்' என்பது இதன் பொருள். "நல்லா இருக்கு" என்று சொன்னால் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. "அவ்வளவு சொல்லிக்கிடும்படி இல்லை" என்றால், "அப்போ கூட்டம் கம்மியா இருக்கும், நமக்கு வசதிதான்" என்று பதில் வரும். என் மனைவி நெடுநாள் யோசித்து, உண்மைக்கும் பங்கம் வராமல் அழைப்பும் ஆகாமல், "சுமார்" என்று சொல்லும் ஒரு யுக்தியைக் கண்டுபிடித்தாள். சுமார் எத்தனை பேர் வரலாம் என்பதற்கான அனுமதியாக அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே வந்து தங்கி, 1954-ஆம் வருஷம் இங்கேயே காலமானார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய விருந்தினர்கள். இலையில் இருப்பது ஆறினாலும் கம்பனைப் பற்றிய சம்பாஷணை ஆறாது என்பார்கள். என் விருந்தினர்களும் சம்பாஷிக்கிறார்கள்: போனுக்குச் சார்ஜ் எங்கே போடுவது, துண்டு எங்கே உலர்த்துவது, வெந்நீர் எப்போது கிடைக்கும். மலையிலிருந்து விழுகிற குளிர்ந்த நீரில் குளிப்பதற்காக அறுநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் பிரயாணம் செய்து வந்தவருக்கு வெந்நீர் எதற்கு என்று ஒருமுறை பணிவோடு கேட்டேன். அந்தக் குளிர் போவதற்கு என்றார். தர்க்கத்தில் பிழை இல்லை.

விடுதிக்காரர்கள் வாயில் இதே சொல் ஒரு சம்பூரணமான பதிலாக விளங்குகிறது. அறை வாடகை ஏன் இரட்டிப்பாயிற்று, படுக்கை விரிப்பு ஏன் ஈரமாக இருக்கிறது, ஆட்டோ ஏன் வரவில்லை, சாம்பார் ஏன் அருவியைப் போல் தெளிந்திருக்கிறது என்று எதைக் கேட்டாலும், "சீசன்லா அண்ணாச்சி!" என்பார்கள். அந்தக் கடைசி 'லா'வில் நம்முடைய அறியாமையின் மேல் ஓர் அனுதாபமும் தொனிக்கும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற பழக்கடைக்காரர்கள் மட்டும் இந்தச் சொல்லை அதன் உண்மையான பொருளில் கையாளுகிறார்கள்; விலையைச் சொல்லும்போது அவர்களும் 'லா' சேர்த்துவிடுகிறார்கள். பிரானூருக்குப் போய்ப் பார்டர் பரோட்டா தின்னாமல் சீசன் பூர்த்தியாகாது என்பது இளைஞர்கள் சித்தாந்தம். திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும், அந்த எல்லை அங்கிருந்து எழுந்து மேற்கே போய்விட்டது. பரோட்டா மாத்திரம் இன்னும் பார்டரிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் சொற்களுக்கு எங்கள் பக்கத்து மண் ஒத்துக்கொள்ளும் போலும்.

ரயில்வேக்காரரின் சீசன் தண்ணீர் சம்பந்தமில்லாதது. தென்காசியிலிருந்து தினந்தோறும் திருநெல்வேலிக்கு உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் மாதக் கணக்கில் வாங்கி வைத்திருக்கும் டிக்கெட்டுக்கு அந்தப் பெயர். பாசஞ்சரில் பரிசோதகர் என் விருந்தினர் ஒருவரை நெருங்கி, "சீசனா சார்?" என்று கேட்க, அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே, "ஆமா சார், ஐந்தருவியிலே பிரமாதமா விழுது" என்று பதிலளித்த சம்பவத்தை அந்த வண்டியில் போகிறவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சென்னையில், 1927 டிசம்பர் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக மறுவருஷம் மியூசிக் அகாடமி பிறந்து, பின்னர் மார்கழிக்கே ஒரு சீசன் கிளைத்தது. அங்கே அருவி சபைக்குள்ளும் அடுப்பு காண்டீனிலுமாக இருக்கும். டாக்டர்கள் தமக்குப் பெயர் தெரியாத காய்ச்சலைச் சீசன் காய்ச்சல் என்று சொல்லி நம்மைத் தேற்றுகிறார்கள். என் பேரனுக்கோ சீசன் என்பது எண்ணிக்கையில் அடங்கியது. ஒரு தொடர் நாடகத்தில் முதல் சீசனில் செத்தவன் மூன்றாம் சீசனில் எழுந்து வருகிறானாம்.

இவ்வளவு அர்த்தங்களோடும் சமாதானமாக வாழ்ந்துவந்த என்னை, ஒரு ஸ்நான அறைக் கதவு சந்திக்கு இழுத்தது. பழைய கதவு உளுத்துப்போகவே, பிரானூர்ப் பக்கத்து மர அறுவை மில் ஒன்றில் நல்ல பலாப் பலகை எடுத்துப் போட்டு, ஆசாரியை வரவழைத்தேன். அவர் பலகையை முகர்ந்தார், நகத்தால் கீறினார், "மரம் சீசன் ஆகலையே" என்றார். மரத்துக்குச் சீசன் என்றால், ஈரம் ஏறக்குறைய 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை அதை உலர்த்துவது. ஊர் முழுவதும் நனைவதற்கு எந்தச் சொல்லோ, அதே சொல் பிரானூரில் உலர்வதற்கு என்பதை அறிந்து நான் பிரமித்து நிற்கையில், அவர், "சீசன்ல மரம் சீசன் ஆகாது அண்ணாச்சி, சீசன் முடியட்டும்" என்று வேதாந்த சூத்திரம் போல் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாரல் ஓய்ந்து புரட்டாசி வெயில் அடித்தபோது அவரைப் பிடிக்க முடியவில்லை. கார்த்திகை பிறந்ததும் மாலையோடு வந்து, "ஐயப்ப சீசன்லா, மகரஜோதி முடிஞ்சு வந்து மாட்டித் தாரேன் சாமி" என்றார். தை பிறந்தது; கல்யாண சீசன், கட்டிலும் பீரோவும் குவிந்துவிட்டன என்றார். ஒருவழியாகப் பங்குனிக் கடைசியில் வந்து, அருமையாக இழைத்து, நிலையோடு நூல் இடைவெளிகூடத் தெரியாதபடி கதவைப் பொருத்திக் கொடுத்தார்.

ஆனி மாதம் பிறந்தது. சாரல் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த சகலை ஐந்தருவியிலிருந்து திரும்பி, வழக்கம்போல் வெந்நீரோடு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பலா மரம் அந்த க்ஷணத்துக்காகவே காத்திருந்ததுபோல் உப்பி, நிலையை இறுகக் கவ்விக்கொண்டது. உள்ளேயிருந்து அவர் இழுத்தார், வெளியேயிருந்து நாங்கள் தள்ளினோம், அசையவில்லை. ஆசாரிக்குப் போன் செய்தேன். "தள்ளாதீங்க அண்ணாச்சி, நிலை விரிஞ்சிரும். சீசன்லா, அப்படித்தான் பிடிக்கும். ஆடி கழியட்டும், அதுவாத் திறந்துக்கிடும்" என்றார். இதை நான் ஜன்னல் வழியாகச் சகலையிடம் தெரிவித்தபோது, தமக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்றும், ஆபீசுக்கு மாத்திரம் ஒரு லீவு லெட்டர் எழுதிப் போட்டுவிட்டால் போதும் என்றும் அவர் சொன்னார்.