கையா, கட்டையா?

கே: இரண்டு கட்டையை உரசினால் தீ வரும் என்கிறார்கள். அரை மணி நேரம் உரசியும் உள்ளங்கைதான் எரிகிறதே?

ப: அந்த எரிச்சலுக்கு மருந்துதான் வில். ஒரு கட்டையை அடிக்கட்டையாகக் கிடத்தி, மற்றதைக் கோலாக அதன் குழியில் நிறுத்துங்கள். வில்லின் கயிற்றில் கோலை ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கோல் தானாகக் கடையும். மேல் நுனியை அழுத்தும் குழிக்கல்லில் சிறிது எண்ணெய் தடவலாம். கீழ் நுனியில் ஒரு சொட்டும் ஆகாது.

கே: புகை வருகிறது, தீ வரவில்லையே?

ப: அடிக்கட்டையின் விளிம்பிலிருந்து குழிவரை ஆப்பு வடிவில் வெட்டு இருக்கிறதா? உராய்ந்து உதிரும் தூள் அங்கேதான் குவிய வேண்டும். தூள் வெளிர் பழுப்பாக இருந்தால் சூடு போதாது. கறுத்து, கோலை எடுத்த பிறகும் தானே புகைந்தால் கங்கு பிறந்துவிட்டது. பிறப்பது பயறளவு கங்கு. தீயை ஊதித்தான் எழுப்ப வேண்டும். காய்ந்த தேங்காய் நார்ப் பந்தில் கங்கினை வைத்து மெல்ல ஊதினால் போதும். தும்மினால் மறுபடி முதலிலிருந்து.

கே: இது குகை மனிதன் வேலை அல்லவா? அரசர்களும் இதை வைத்திருந்தார்களா?

ப: 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில், பொன்னோடு ஒரு தீக்கடைகோலும் கிடைத்தது; அடிக்கட்டையில் வரிசையாகத் துளைகள். மறுமையில் பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்க மன்னருக்குக் கூச்சம் போலும்.