பசுத்தோல் போர்த்திய புலிகள்: ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் பற்று குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

நான்கு கதவு, ஒரு டிக்கி, பிள்ளைகள் சண்டை போடத் தோதான பின்னிருக்கை. இவ்வளவுதான் செடான். இதனுள் பந்தயக் காருக்குரிய எஞ்சினை வைத்து, வைத்தது வெளியே தெரியாதபடி பானெட்டை மூடினால் ஸ்போர்ட்ஸ் செடான். மூடியதற்கும் சேர்த்து விலை வைத்தால் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான். இக்கட்டுரை மூன்றாவதை மட்டுமே ஆராய்கிறது. இரண்டு கதவுக் கூபேக்கள் ஆய்வெல்லைக்குள் வாரா. அவற்றை வைத்திருப்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடுவதால் ஆராய எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆய்வாளரிடம் இவ்வகைக் கார் எதுவும் இல்லை. ஆகவே அவரது நடுநிலையை ஐயுற இடமில்லை. பொறாமை உண்டு, அது ஆய்வு அணுகுமுறைக்குள் அடங்கும்.

கருதுகோள்

இப்பற்றுக்குக் காரணம் வேகம் என்பது முன்னோர் முடிபு. அது பொருந்தாது. வேகம் மட்டுமே வேண்டுமென்றால் இதில் நாலில் ஒரு பங்கு காசுக்கு மோட்டார் சைக்கிள் கிடைக்கும். இவர்கள் தேடுவது ஓர் இரகசியம். அது ஊருக்குத் தெரியக்கூடாது. ஆனால் யாராவது ஒருவர் கண்டுபிடித்தே தீர வேண்டும். இதுவே நம் கருதுகோள்.

பசுத்தோல் போர்த்திய புலி என்று நாம் ஒருவரை ஏசுவதை ஜெர்மானியர் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்பர். அவர்களுக்கும் அது ஏச்சுதான். காரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அது பாராட்டாகிவிடுகிறது. இந்தப் பொருள் மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை இனிக் காண்போம்.

இயல் ஒன்று: புலி வந்த வழி

1967இல் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்னும் இரு பொறியாளர்கள் ஏ.எம்.ஜி. என்ற பட்டறையைத் தொடங்கினர். முதல் இரண்டு எழுத்து அவர்கள் பெயர். மூன்றாவது, ஆஃப்ரெக்ட் பிறந்த குரோஸாஸ்பாக் என்ற ஊர். நம் வித்துவான்கள் ஊர்ப்பெயரை முன்னால் வைப்பார்கள், இவர்கள் பின்னால் வைத்தார்கள், வேறுபாடு அவ்வளவே. 1971இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்துக்கு இவர்கள் கொண்டுபோனது, முதலாளிமாரும் அமைச்சர்களும் பின்னிருக்கையில் சாய்ந்து போவதற்கென்று செய்த ஒரு பெரிய மெர்சிடிஸ். எஞ்சினை 6.8 லிட்டராக்கி, சிவப்பு அடித்து ஓட்டினார்கள். மொத்தப் பந்தயத்தில் இரண்டாம் இடம். 'சிவப்புப் பன்றி' என்ற பட்டப்பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. புலி அப்போது இன்னும் ஒளியக் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அதன் நிறமே சான்று.

1984 மே 12 அன்று ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்கில் புதிய பந்தயத் தடம் திறக்கப்பட்டது. மெர்சிடிஸ் நிறுவனம் தன் 190 வரிசைச் செடான்களை ஒன்றுபோல் நிறுத்தி, புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர்களை அழைத்து ஓடவிட்டது. நிக்கி லவுடாவைப் பின்னுக்குத் தள்ளி வென்றவர், அப்போதுதான் பெரும்பந்தயத்துக்குள் வந்திருந்த 24 வயது அயர்டன் சென்னா. அவர் ஓட்டியது பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஏற்ற கார் என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

1985இல் பி.எம்.டபிள்யூ. தன் முதல் எம்5ஐக் காட்டியது. எம்1 என்ற தாழ்ந்த, கூர்மூக்குப் பந்தயக் காரின் எஞ்சின் வழிவந்த ஆறு சிலிண்டர், 286 குதிரைத்திறன். இவை குடியிருந்ததோ, வங்கி மேலாளர் ஓட்டுவது போன்ற ஒரு சதுரப் பெட்டிக்குள். ஒளிதல் என்னும் கலை முறைப்படி தொடங்குவது இங்கேதான்.

அக்கலையின் உச்சம் 1990இல் வெளிவந்த மெர்சிடிஸ் 500 இ. எட்டு சிலிண்டர், 326 குதிரைத்திறன். சக்கரத்துக்கு மேல் தகடு சில சென்டிமீட்டர் புடைத்ததால், சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையின் வரிசைக்குள் உடல் நுழைய மறுத்தது. போர்ஷே நிறுவனம் அப்போது வேலை குறைந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தது. ஆகவே உடல் அங்கே போய், திரும்பி வந்து வண்ணம் பூசிக்கொண்டு, மறுபடியும் அங்கே போனது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் அலைவது போல. ஒரு கார் முடிய 18 நாள். முடிவில் தெருவில் நின்றது, பக்கத்து வீட்டு டாக்சி போலவே இருந்த ஒரு மெர்சிடிஸ். அந்தச் சில சென்டிமீட்டர் புடைப்பைக் கண்டவன் அறிவான். காணாதவன் கை தட்டி அழைத்து ரயிலடிக்கு எவ்வளவு என்று கேட்பான். உரிமையாளருக்கு இருவருமே வேண்டும்.

இயல் இரண்டு: பெயர்ப்பலகை இலக்கணம்

பி.எம்.டபிள்யூ. ஆர்டர் செய்பவர் டிக்கியின் மேல் மாடல் பெயரை ஒட்ட வேண்டாம் என்று கேட்கலாம். அதற்கென்றே 320 என்ற குறியீட்டெண் உண்டு. 320 என்பது ஒரு மாடலின் பெயரும்கூட. பெயரை எடுக்கவும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது என்ற தத்துவம் ஒருபுறம் இருக்க, பெயர்ப்பலகை வழக்கு மூவகைப்படும்.

ஒன்று, உள்ளது மறைத்தல். பெரிய எஞ்சினை வாங்கிவிட்டு எழுத்தை எடுத்துவிடுவது.

இரண்டு, இல்லது புனைதல். சிறிய டீசல் காரில் 'எம்' எழுத்தை வாங்கி ஒட்டுவது. இது உலகப் பொது வழக்கு. முதல் வகையார் இவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வர்.

மூன்று, உள்ளதை அல்லதாக உரைத்தல். எம்5 காரில் 520டி என்ற எளிய டீசல் மாடலின் பெயரை ஒட்டுவது. இதைச் செய்பவரே பற்றின் முற்றிய நிலையை அடைந்தவர். ஆயினும் பின்பக்கம் நான்கு புகைக்குழாயும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒளிந்துகொண்ட குழந்தை, தேடுபவர் நேரம் கடத்தினால் தானே இருமிக் காட்டுமல்லவா? அந்தக் குழாய்கள் அந்த இருமல்.

இயல் மூன்று: ரொட்டிக் கடைக்குப் போதல்

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைத்திருக்கும். காலையில் சில மணி நேரம் திறப்பவற்றுள் ரொட்டிக் கடை முதன்மையானது. ஆகவே குடும்பத்துக்குச் சூடான ரொட்டி வாங்கிவருதல் என்னும் அறச்செயலுக்கு 400 குதிரைகள் தேவைப்படுகின்றன.

கூப்பிடு தூரத்தில்தான் கடை. ஆனால் 1998இல் வந்த எம்5 காரில் ஒரு சிக்கல். அதன் சுழற்சிமானியின் விளிம்பில் சிறு விளக்குகள் இருக்கும். எஞ்சின் ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். எல்லாம் அணையும்வரை முடுக்கக் கூடாது. வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றலாமே என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஜெர்மன் சாலை விதிகளின் 30ஆம் பிரிவு, எஞ்சினை வீணே ஓடவிடுவதைத் தடுக்கிறது. காரின் கதவை அளவுமீறி ஓசைப்பட அடைப்பதைத் தடுக்கிறது. ஊருக்குள் பிறருக்குத் தொல்லையாக, பயனின்றி இங்குமங்கும் ஓட்டித் திரிவதையும் தடுக்கிறது. நம்மூரில் இச்சட்டம் இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் எந்தக் கடைத்தெருவிலும் இளைஞர்களைக் காண முடியாது.

எனவே விளக்குகள் அணையும்வரை மெல்லப் போக வேண்டும். அவை அணையும் வேளையில் ரொட்டிக் கடை வந்துவிடும். சூடான எஞ்சினை அப்படியே அணைப்பது பாவம் என்பது உரிமையாளர் துணிபு. ஆகவே கடையைத் தாண்டி ஆட்டோபான் என்னும் விரைவுச்சாலைக்குப் போவார். அங்கே 1978 முதல் மணிக்கு 130 கி.மீ. என்பது அறிவுரை, தடையில்லாத பகுதிகளில் கட்டளை அன்று. அறிவுரை என்றால் என்ன ஆகும் என்பது பிள்ளை பெற்றவர்க்குத் தெரியும்.

இங்கே நிறுவனங்களின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் விடலாகாது. 1980களின் இறுதியில் ஜெர்மன் கார் நிறுவனங்கள் தாமே பேசிவைத்து 250 கி.மீ. என்று ஒரு வரம்பு கட்டின. பிற்பாடு வந்த எம்5 கார்களில், தனியாகப் பணம் கட்டினால் அந்த வரம்பு 305 ஆகும். மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, அவிழ்த்துவிடக் கூலி கேட்கும் வணிகம் வேறு எத்துறையிலும் இவ்வளவு மரியாதையாக நடப்பதில்லை.

ஆட்டோபானும் போதாதவர் போவது நூர்புர்க்ரிங்கின் பழைய வடக்குச் சுற்றுக்கு. அது 1927இல் திறந்தது, நீளம் 20.8 கி.மீ. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்களில் சட்டத்தின் கண்ணுக்கு அது பந்தயத் தடம் அன்று. சுங்கம் கட்டிப் போகும் ஒருவழிச் சாலை. காட்டு வழியாகப் போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சாலைக்குச் சுங்கம் கட்டுவோர் உண்டெனின், நம் கருதுகோள் மேலும் வலுப்பெறுகிறது. திரும்பும்போது ரொட்டி ஆறியிருக்கும். கடையில் கூட்டம் என்பது மரபான விடை.

இயல் நான்கு: திருத்தியமைத்தல்

பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்த காரை, வாங்கிய மறுவாரமே போதாது என்று முடிவு செய்வதே திருத்தியமைத்தல். தாழ்ந்த ஸ்பிரிங், அகன்ற அலாய் வீல், புதிய சைலன்சர், எஞ்சின் கணினியில் மாற்றி எழுதிய கட்டளைகள் ஆகியன இதன் உறுப்புகள்.

பிற நாடுகளில் இது கைக்கும் காசுக்கும் உள்ள உறவு. ஜெர்மனியில் இடையே ட்யூஃப் என்னும் ஆய்வு அமைப்பு நிற்கிறது. காரை மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தினாலும் அதற்குரிய சான்றிதழோடு ஆய்வாளர் முன் போய், திருப்பிப் பார்க்கவிட்டு, பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் காரை ஓட்டும் அனுமதியே போய்விடக்கூடும். எனவே உண்மையான ஆர்வலரை அவர் காரை வைத்து அறிய முடியாது. டேஷ்போர்டு அறையில் இருக்கும் காகிதக் கட்டை வைத்தே அறிய வேண்டும். காவலர் நிறுத்தினால் லைசென்சுக்கு முன் அந்தக் கட்டை நீட்டுவார். புலிக்குப் பட்டா வைத்திருக்கும் நாடு அது.

ஒலி குறித்துத் தனியே ஆராய வேண்டும். 2011இல் வந்த எம்5, எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியே உள்ளே உரக்க ஒலிக்கச் செய்தது. வெளியே சட்டம் அமைதி கேட்டது, உள்ளே வாடிக்கையாளர் உறுமல் கேட்டார். நிறுவனம் இருவரையும் திருப்திப்படுத்திவிட்டது. ஆனால் ஆர்வலர் அதை அவமானமாகக் கொண்டார். தன் சொந்தப் புலி உறுமும்போது கச்சேரி போல் பக்கவாத்தியம் எதற்கு? வாங்கியதும் அதை அணைப்பதே பலருக்கு முதல் திருத்தம் ஆயிற்று.

திருத்துவோரில் தலைசிறந்தது பவேரியாவின் பூக்லோ ஊரிலிருந்து இயங்கிய ஆல்பினா. தட்டச்சுப் பொறி செய்த குடும்பத்தின் பிள்ளை புர்கார்ட் போவென்சீப்பன் 1965இல் தொடங்கியது. பிற்பாடு ஒயின் வணிகமும் சேர்ந்துகொண்டது. கார் திருத்துதல், ஒயின் விற்றல் என்ற இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்தும் இரண்டையும் கலக்காமல் காத்தது அக்குடும்பத்தின் பெருமை. அவர்களுடைய புகழ்பெற்ற இருபது ஆரச் சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வைக் காண முடியாது. நடு மூடிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். காற்றடிக்கும் துளையைக்கூட ஒளித்த இச்சக்கரமே நம் கருதுகோளுக்குக் கிடைத்த ஆகச்சிறந்த பருப்பொருட் சான்று.

இயல் ஐந்து: இரசீதுக் கோப்பு

முதுமையடைந்த புலிக்கு நோய் வரும். வயதான காரில் குளிர்விப்பு நீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் விரியும், பேரிங் தேயும், சாதாரண ஆயில் ஒத்துக்கொள்ளாது. உரிமையாளர் ஒவ்வொரு இரசீதையும் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்குவார். விற்கும் நாளில் அக்கோப்பின் தடிமனே காரின் ஜாதகம். ஆனால் அந்த இரசீதுகளை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மனைவிக்குத் தெரியக்கூடாது என்பது மேலோட்டமான விளக்கம். தனக்கே தெரியக்கூடாது என்பதே உட்கிடை. எஞ்சினை ஊரிடமிருந்து மறைத்தவர், செலவைத் தன்னிடமிருந்தே மறைக்கிறார். பசுத்தோல் காருக்கு மட்டும் போர்த்தியதன்று என்பது இதனால் பெறப்படும்.

மேலாய்வுக்குரிய களம்

2024இல் வந்த எம்5 மின் மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன். எடை சுமார் 2.4 டன். இன்று மின்சாரத்தில் ஓடும் சாதாரணக் குடும்பக் கார்களே சிக்னலில் பழைய புலிகளை விட்டுவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு பசுவுக்குள்ளும் புலி வந்துவிட்டால் தோலுக்கு என்ன மதிப்பு? பழைய எம்5, 500 இ கார்களைத் தேடித் தேடி வாங்குவோர் இன்றும் இருப்பதன் காரணம் இங்கே கிடைக்கக்கூடும்.

நன்றியுரை

இவ்வாய்வுக்குத் தன் காரின் பானெட்டைத் திறந்து காட்டிய உரிமையாளருக்கு நன்றி. தம் பெயரை எங்கும் குறிப்பிடலாகாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டுரை எப்போது வரும், எத்தனை பேர் படிப்பார்கள், படித்தவர்களுக்கு இன்னார்தான் என்று தெரிந்துவிடுமா என்று அதன்பின் மூன்று முறை விசாரித்தார். தெரியாது என்று உறுதி அளித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, காரின் நிறத்தை மட்டும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

அடர்நீலம்.