இன்னா வேண்டுதல், நைனா?

(ஆடி ஞாயிறு, காலை எட்டு மணி. பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போகும் தெரு. மஞ்சள் பனியன், ஹெல்மெட், மெலிந்த சைக்கிள் சகிதம் ஒரு தம்பி வேப்பிலைக் கடை நிழலில் ஒதுங்குகிறார். கடை ஆயா நிமிர்ந்து பார்க்கிறார்.)

ஆயா: வா நைனா. மஞ்சளா உடுத்திக்கினு வந்துருக்கே. இன்னா வேண்டுதல்?

தம்பி: வேண்டுதல் இல்ல ஆயா. இது பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல முன்னணியில இருக்கறவர் போடற மஞ்சள். 1919லேர்ந்து அங்க வழக்கம்.

ஆயா: அப்ப நீதான் முன்னாடியா?

தம்பி: ஆமா. கூட வந்த ரெண்டு பேரும் செங்குன்றத்துல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க.

ஆயா: மூணு பேருல மொதலு. சந்தோசம். ஏன் காலை அகட்டி நடக்கறே?

தம்பி: சீட்டு அப்படி. அதுக்குத்தான் கால்சட்டையில பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கு.

ஆயா: வலிக்கறதுக்கு ஒரு சீட்டு, வலிக்காம இருக்க ஒரு பஞ்சு. ரெண்டுக்கும் தனித்தனியா காசா?

தம்பி: வண்டியைத் தூக்கிப் பாருங்க. எட்டே கிலோ! எடை கொறையக் கொறைய வெலை ஏறும்.

ஆயா: எங்க ஏவாரத்துல எடை கொறைஞ்சா சண்டைக்குல்ல வருவாங்க. அதோ நிக்குது பாரு, பேத்திக்குப் பதினொண்ணாவதுல சர்க்கார் குடுத்த சைக்கிளு. இத்தினி வேப்பிலையும் விடிகாலையில அதுலதான் வந்துது. சரி, எதுக்கு இவ்ளோ பாடு?

தம்பி: பி.ஆர்.எம்.னு ஒரு நெடுந்தூர சைக்கிள் பயணம், அதுக்குப் பயிற்சி ஆயா. 200 கிலோமீட்டரைப் பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும். அப்புறம் 300, 400, 600. எல்லாம் முடிச்சா பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891ல ஆரம்பிச்சது. 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அடுத்தது 2027ல.

ஆயா: மொதல்ல வந்தா இன்னா தருவாங்க?

தம்பி: பரிசுப் பணமே கெடையாது. இது ரேஸ் இல்ல. நேரத்துக்குள்ள வந்துட்டா மொதல்ல வந்தவரும் கடைசியா வந்தவரும் ஒண்ணுதான்.

ஆயா: அப்ப மஞ்சப் பனியன்?

(தம்பி பாட்டிலை எடுத்து நெடுநேரம் தண்ணீர் குடிக்கிறார்.)

ஆயா: இன்னா தண்ணி அது, கலரா?

தம்பி: உப்பும் சர்க்கரையும் கலந்தது. பாக்கெட் கணக்குல விக்கறாங்க.

ஆயா: அங்க அண்டாவுல கூழு ஊத்தறாங்க. அதுலயும் உப்புதான். பாக்கெட் இல்லாததால சும்மா தராங்க. தனி உடுப்பு, தனிச் சாப்பாடு, உடம்பை வருத்தறது... எங்க ஊர்ல இதுக்கு வேண்டுதல்னுதான் பேரு. வேப்பஞ்சேலை கட்டிக்கினு கோயிலைச் சுத்தறவளைக் கேளு. புள்ளைக்கு அம்மை எறங்கணும், புருசன் பொழைக்கணும்னு ஒண்ணு சொல்லுவா. உனக்கு இன்னா?

தம்பி: என்னோட எல்லையை நான் தாண்டணும்.

ஆயா: எல்லையா? இதே ரோட்டுல போ. ஊத்துக்கோட்டை தாண்டினா ஆந்திரா. பஸ்ஸே போவுது.

தம்பி: ஊத்துக்கோட்டை போயிட்டு பூண்டி ஏரி, திருவள்ளூர் வழியாத்தான் வீடு திரும்பறோம். கிருஷ்ணா தண்ணி வர்ற பாதை ஆயா அது! கண்டலேறுலேர்ந்து எல்லை வரைக்கும் 152 கிலோமீட்டர் கால்வாய்.

ஆயா: அந்தத் தண்ணி அவ்ளோ தூரம் வந்து பட்டணத்துக்குக் கொடம் ரொப்புது. நீ போயி எதை ரொப்பப் போறே? அந்தக் காலத்துல ஆந்திராவுலேர்ந்து ஒரு வளையல்காரர் வந்தாராம். மெட்ராசுல வித்துட்டுத் திரும்பறப்ப இங்க வேப்பமரத்தடியில கண்ணசந்துட்டாரு. எழுந்தா மூட்டை புத்துக்குள்ள போயிடுச்சு. அப்புறம் கனவுல அம்மன் வந்து சொன்னா, ‘அந்தப் புத்துல இருக்கறது நான்தான்’னு. அவருக்கு மூட்டை போச்சு, ஊருக்குக் கோயில் வந்துது. உனக்கு இன்னா போச்சு?

தம்பி: (செல்போனைப் பார்த்து) ஐயோ, போச்சு! கன்னிகைப்பேர்லயே ஆப் நின்னுடுச்சு. அங்கேர்ந்து இங்க வரைக்கும் ஓட்டினது பதிவாகல!

ஆயா: அதான் வந்து நிக்கறியே.

தம்பி: நிக்கறதெல்லாம் சாட்சி ஆகாது ஆயா.

ஆயா: அங்கப்பிரதட்சணத்துல பாதியில சேலை நழுவிடும். எழுந்து சரி பண்ணிக்கினு அங்கேர்ந்தே உருளுவாங்க. மொதல்லேர்ந்து வான்னு அம்மன் சொல்ல மாட்டா.

தம்பி: உங்க அம்மன் நேர்ல பாக்கறா. என்னைப் பாக்கறவங்க ஆப்புல மட்டும்தான் பாக்கறாங்க!

(தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கன்னிகைப்பேர் பக்கமே திரும்பிப் பறக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வந்து நிற்கிறது. வாழைத்தார்களுக்கு நடுவிலிருந்து இரண்டு சைக்கிள்களும் இரண்டு மஞ்சள் பனியன்களும் இறங்குகின்றன.)

ஆயா: வாங்க நைனா. உங்க கூட்டாளி வழியில வுட்ட தூரத்தைப் பொறுக்கியாரப் போயிருக்காரு. இப்டி நெழல்ல குந்துங்க. அவரு வர்றதுக்குள்ள பனியன்ல கொஞ்சம் தண்ணி தெளிச்சிக்கோங்க. வேர்த்தாப்புல இருக்கும்.